மூலையில் தெரிந்த கை

என் அருமை மாப்பிள்ளை அருளுக்கு,

நீ போன இடத்தில் டிவி இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்திருந்தால் இந்த ஒரு மாதமாக அங்கே யாரையும் நீ நிம்மதியாக இருக்க விட்டிருக்க மாட்டாய். உலகக் கோப்பை நடக்கிறது. சாயங்கால ஆட்டங்களை நான் ஸ்டூடியோவிலேயே பார்த்துவிடுகிறேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எடிட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்கிறேன். இன்னொரு நாற்காலியில் கல்யாணக் கேசட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். அது காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்று நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்? நம்பரை எப்படிப் போட்டார்கள் என்றுதானே கேட்பாய். சொல்கிறேன், கேட்டுக்கொள். முன்பு மாதிரி கணக்கு எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போவதில்லை. முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை மேல் மூலையில் அப்படியே நிற்கிறது. நாட்டின் பெயரை மூன்றே எழுத்தாகச் சுருக்கி, பக்கத்தில் கோல் எண்ணிக்கை, அதன் பக்கத்தில் நொடியோடு ஓடுகிற கடிகாரம். டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று சொன்னால் நீ எழுந்து நின்றுவிடுவாய். ஆள் மாற்றும்போதும், ஆட்டம் முடிகிற நேரத்திலும், கோட்டுக்கு வெளியே ஒருவர் விளக்கெரிகிற எண் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார். உலகமே அந்த ஒரு எண்ணைப் பார்க்கிறது. அது என்ன உத்தியோகமோ, அதற்கு எங்கே மனு போடுவதோ, நீ விசாரித்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை நம் மாதா கோயில் பங்கு மடலில் அச்சடிக்கக் கேட்டிருக்கிறேன், மாப்பிள்ளை. உன்னை அறியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் ஆங்காங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி உலகக் கோப்பையையே பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஆவடி செக்போஸ்ட் பக்கத்தில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவன். நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். என் தங்கை பிலோமினாவை உனக்குக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னாலேயே நாம் சிநேகிதர்கள். முகூர்த்த நாட்களில் கடையை மூடிவிட்டு என்கூட வந்து லைட் பிடிப்பாய். நூறு கல்யாணம் பார்த்திருப்பாயா? எந்தக் கேசட்டிலும் நீ கிடையாது. வெளிச்சம் பிடிக்கிறவன் படத்தில் எப்படி வருவான்?

தொண்ணூறில் உங்கள் பருத்திப்பட்டு வீட்டில் ஆட்டம் பார்த்தோமே. கணக்கு திரையில் வந்ததும் நீ டிவிக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்வாய். கண்ணாடியின் மேல் விரலால் அந்த எண்ணை எழுதிப் பார்ப்பாய். பின்னால் இருக்கிறவர்கள் திட்டுவார்கள், உன் காதில் ஏறாது. "மூணுக்கு வவுறே இல்ல மச்சான், பட்டினி போட்டு எழுதிக்கீறான்" என்று வருத்தப்பட்டவன் நீ. மரடோனாவைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தபோது உனக்கு அந்த மூன்றின் வயிறுதான் கவலை.

கேபிள் வந்ததும் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்தது. நம் தெருவுக்கு ஒயர் இழுத்த கேபிள்காரருக்குத் தனியாக ஒரு உள்ளூர் சேனல் இருந்தது. மாதா திருவிழாவை ஒட்டி மே மாதத்தில் கோயில் மைதானத்தில் நடக்கும் கோப்பை ஆட்டங்களை அதில் நேரடியாகக் காட்டலாம் என்று அவரிடம் வாயைக் கொடுத்தவன் நான். கோயிலுக்கும் அவர் ரூமுக்கும் நடுவில் இரண்டு தெருதான். மொட்டைமாடிகளின் மேலாக ஒயரை இழுத்தார். படத்துக்கு மட்டும்தான் ஒயர், சத்தத்துக்கு இல்லை. சத்தத்துக்குப் பதிலாக அவர் ரூமிலிருந்து பேண்டு வாத்தியக் கேசட் ஒன்றை ஓட விடுவார். வீட்டில் பார்க்கிறவர்களுக்கு விசிலும் கேட்காது, கூச்சலும் கேட்காது. என்ன நடந்தது என்பதைப் படத்தையும் மூலையில் இருக்கும் கணக்கையும் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மூலை உன்னுடையது. கல்யாண வீடியோ மிக்ஸரில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆர்ட்டினுக்குள் வைத்துக் காட்டுவோமே, அதே மிஷினில் சதுரமாகவும் ஒரு வடிவம் உண்டு. ஒரு கேமரா மைதானத்தைப் பார்க்கும். இன்னொரு கேமரா உன் பலகையைப் பார்க்கும். அந்தப் பலகை மட்டும் சின்னச் சதுரமாக மூலையில் வந்து உட்காரும். முதல் நாள் நான் பொத்தானை மாற்றி அமுக்கி, கோல்கீப்பர் ஆர்ட்டினுக்குள் வந்துவிட்டார். "அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு மச்சான்" என்றாய். அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

பழைய நம்பர் பிளேட் தகரத்தை வெட்டி, கறுப்படித்து, வெள்ளையில் எண் எழுதிக்கொண்டு வந்தாய். பெரிய பலகையில் ஆணி அடித்து அதில் மாட்டுவாய். அந்தப் பக்கம் ஏரிக்கரை அணிக்கு ஒரு ஆணி, இந்தப் பக்கம் ரயில் லைன் பக்கத்து அணிக்கு ஒரு ஆணி, நடுவில் நிமிடத்துக்கு ஒன்று. முதலில் நிமிடத்துக்கு ஒரு டைம்பீஸை வைத்துப் பார்த்தோம், டிவியில் அதன் முள் தெரியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தகரத்தை மாற்றிவிடுகிறேன் என்றாய். பார்க்கிறவர்களுக்கு லாரி நம்பர் மாதிரி இருந்தது. உன் ஐந்துக்கும் எட்டுக்கும் இருந்த கம்பீரம் இப்போது பாரிஸில் போடுகிறவர்களுக்கு வரவில்லை, இதை நான் உறவுக்காகச் சொல்லவில்லை.

எண் மாறும்போதெல்லாம் மூலையில் உன் கை வரும். மணிக்கட்டு வரைக்கும்தான். தகரத்தைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, அது ஆடாமல் இருக்க ஒரு விரலால் கொஞ்சம் பிடித்துவிட்டுப் போகும். ஊரில் பாதிப் பேருக்கு அது வேடிக்கை. பிலோவுக்கு மட்டும் அது வேறு. ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து மூலையை மட்டும் பார்ப்பாள். ஒரு நாள் தகரம் கிழித்து நீ விரலில் துணி சுற்றியிருந்ததை அவள் அப்படித்தான் பார்த்தாள். நீ வீடு வந்து சேர்வதற்குள் வெந்நீரும் மஞ்சளும் தயாராக இருந்ததாம். நீயே என்னிடம் வந்து வியந்து சொன்னாய்.

நீ உட்கார்ந்திருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். கோட்டோரம் ஒரு லாரியை நிறுத்தி அதன் மேல் நான் கேமராவோடு நிற்பேன். லாரியை ஒட்டி ஒரு தார்ப்பாய்ப் பந்தல், அதற்குள் நீ. வெயில் பலகையில் பட்டால் எண் வெளுத்துவிடும் என்று பலகையைப் பந்தலின் உள்கோடியில் சாய்த்து வைத்தோம். அதனால் நீ மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். ஊருக்கே கோல் கணக்கு சொன்னவன் ஒரு கோலையும் கண்ணால் பார்த்ததில்லை. மேலிருந்து நான் சொல்வேன், நீ மாட்டுவாய். அதற்கும் நீயாக ஒரு சட்டம் வைத்திருந்தாய். பந்தைத் திரும்ப நடுவில் கொண்டுபோய் வைத்தால்தான் பலகையில் எண் ஏறும். அதற்கு முன் யார் கத்தினாலும் உன் கை அசையாது.

அந்தச் சட்டம் எனக்கு எரிச்சலாக இருந்தது, மாப்பிள்ளை. உண்மையைச் சொல்கிறேன். அரையிறுதி நாளன்று கோயில் எதிரே இருக்கும் டீக்கடையில் ஒருவர், உங்கள் டிவியில் கோல் தபாலில் வருகிறது என்று கிண்டல் செய்தார். நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன். பெரிய டிவிக்காரர்கள் மாதிரி பந்து வலையில் விழுந்ததும் எண் மாற வேண்டும் என்று ஒரு வீம்பு. அது எனக்குத்தான் இருந்தது, உனக்கு இல்லை.

இறுதி ஆட்டத்தில் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியும். கடைசி ஐந்து நிமிடம். ஒன்றுக்கு ஒன்று. நம் ஏரிக்கரைப் பையன்கள் அடித்த பந்து வலைக்குள் போனது. அதற்கு முன்பே நடுவர் விசில் ஊதிவிட்டார், கோல் இல்லை. ஆனால் மூலையில் ஏரிக்கரைக்கு இரண்டு ஏறிவிட்டது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த நம் ஆட்கள் சரவெடி கொளுத்தினார்கள். செட்டு மேளத்தைத் தூக்கிக்கொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். ஆட்டம் நின்றது. அடிதடியானது, ஒருவனுக்கு மண்டை உடைந்தது. பங்குத்தந்தை கோப்பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கோப்பை ஆட்டமே நடக்கவில்லை.

லைன் பக்கத்துக்காரர்கள், ஏரிக்கரை தோற்கப்போகிறது என்று தெரிந்து வேண்டுமென்றே ஆட்டத்தைக் கலைத்தாய் என்றார்கள். நம் ஆட்கள், கைக்கு வந்த கோப்பையைக் கெடுத்தவன் என்றார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏசியது உன் ஒருவனைத்தான். டிவியில் எல்லோரும் பார்த்தது உன் கையைத்தானே.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு அறையில் விசாரித்தார்கள். நீ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். யார் சொல்லி மாட்டினாய் என்று கேட்டார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாய், அப்படித்தானே? நான் சொன்னேன். மேலே கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நான் எதுவும் சொல்லவும் இல்லை என்று சொன்னேன். கோயில் கல்யாணங்கள் எல்லாம் என் ஸ்டூடியோவுக்குத்தான் வரும். அது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அவ்வளவு சின்னப் பயம்தான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நீ தலையைக் குனிந்துகொண்டு, "கை என்னுது, நான்தான் மாட்டினேன்" என்றாய். அதோடு விசாரணை முடிந்தது.

அதற்குப் பிறகு திருவிழாக் கொடியில் வருஷம் எழுதுகிற வேலையை உன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் உனக்கு 'ரெண்டு' என்று பேர் வைத்தார்கள். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "ரெண்டு வர்றான் பாரு" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். கேட்டும் கேட்காத மாதிரி போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் உன் பெண்ணை 'ரெண்டு பொண்ணு' என்று கூப்பிட்ட பிறகுதான் நீ பருத்திப்பட்டை விட்டுத் திருநின்றவூரில் வாடகைக்குப் போனாய். வாடகை குறைச்சல், அதனால் போகிறோம் என்று என்னிடம் சொன்னாய்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

பலகையைப் பார்க்கிற கேமராவை ஐந்து நிமிடம் சும்மா விட்டால் அது தானாகத் தூங்கிவிடும். தூங்காமல் இருக்க அதில் பழைய கேசட் ஒன்றைப் போட்டுப் பதிய விடுவேன். உனக்கு அது தெரியும். நீ வீடு மாறுவதற்கு முன்னால், ஆவடி ஸ்டேஷனில் இரண்டாம் பிளாட்பாரத்தில் நாம் நின்றிருந்த அன்று, யோசித்து யோசித்துக் கேட்டாய்.

"மச்சான், அன்னிக்கு அந்த கேமராவுல ஒரு கேசட்டு ஓடினு இருந்துச்சே. அது கீதா?"

"அது எங்க கீது? அதுமேல ஒரு கல்யாணத்த ஏத்திட்டேன்" என்றேன்.

நீ சரி என்றாய். அரக்கோணம் வண்டி இன்றைக்கு லேட் போலிருக்கிறது என்று பேச்சை மாற்றினாய். அருள், அந்தக் கேசட் இருந்தது. அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. என் அலமாரியில், கல்யாணக் கேசட்டுகளுக்குப் பின்னால், பேர் எழுதாமல். விசாரணைக்கு முந்தின நாளே நான் அதைப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதில் என் குரல் இருந்தது.

ஏன் அழிக்கவில்லை என்று நீ கேட்கலாம். எத்தனையோ முறை கையில் எடுத்தேன். தெரியவில்லை, மாப்பிள்ளை. அழித்திருந்தால் நான் சொன்ன பொய்யாவது உண்மையாகியிருக்கும்.

போன ஜூலையில் மஞ்சள் காமாலை வந்து பத்து நாளில் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துச் சிரித்தாய், கேசட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஊரில் யார் செத்தாலும் வீடியோ எடுக்கிறவன் நான். உன் அடக்கத்துக்குக் கேமராவைத் தூக்க முடியவில்லை. அதனால் அதுவும் இல்லை.

போன மாதம் பிலோ ஸ்டூடியோவுக்கு வந்தாள். நாற்காலியில் இருந்த கேசட்டுகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"வருஷம் திரும்பப் போவுதுண்ணா. போட்டோவுல பாத்துப் பாத்து அவரு எப்டி அசைவாருன்றதே மறந்துடும் போல கீது. இத்தினி கல்யாணத்துக்கு உன்கூட வந்தாரே, ஏதாச்சும் ஒரு கேசட்டுல இருக்க மாட்டாரா?"

பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுத் தேடினேன், அருள். சத்தியமாகத் தேடினேன். அந்த ஒரு கேசட்டை எடுக்காமல் தப்பிக்க வழி உண்டா என்று தேடினேன். ஒரு கேசட்டில் சுவர் மேல் உன் நிழல் கிடைத்தது. இன்னொன்றில் லைட் ஒயரை இழுக்கிற செருப்புக் கால் ஒன்று, அதுவும் உன்னுடையதா என்று நிச்சயமில்லை. பத்து வருஷம் என் பக்கத்திலேயே நின்ற மனிதன் எங்கேயும் இல்லை. எத்தனையோ பேரின் வீட்டு அலமாரியில் அவர்களுடைய ஆட்கள் எல்லாம் அசைகிறார்கள், சிரிக்கிறார்கள், கேக் வெட்டுகிறார்கள். அது என் கைவேலை. உன்னை மட்டும் நான் எடுக்கவே இல்லை.

கடைசியில் அதை எடுத்தேன். மூலையில் சின்னச் சதுரமாக டிவியில் வந்ததே, இந்தக் கேசட்டில் அது திரை முழுக்க இருக்கிறது. கறுப்புப் பலகை, எண்கள், உன் கை. ஒன்றரை மணி நேர ஆட்டம், ஒரு இடத்திலும் பந்து கிடையாது.

அப்போதும் புத்தி எங்கே போனது தெரியுமா? சத்தத்துக்கான ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு பிரதி எடுத்தேன். வெறுமையாக இருக்கிறதே என்று மேலே கீபோர்டு இசை ஒன்றை ஏற்றினேன். தொடக்கத்தில் உன் பேரை ரோஜாப் பூவுக்கு நடுவில் வரவழைத்தேன். அழகாகத்தான் செய்தேன். அதை எடுத்துக்கொண்டு ரயிலேறித் திருநின்றவூருக்குப் போனேன்.

உங்கள் வீட்டில் போட்டேன். உன் கை வந்ததும் பிலோ புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள், கீபோர்டுதான் கூடியது.

"இன்னாண்ணா இது, பாட்டு போட்டுக்கீற? அவரு சும்மாவே இருக்க மாட்டாரே, எதனாச்சும் பேசினுதானே வேலை செய்வாரு. அவரு கொரலு எங்க?"

சத்தம் சரியாகப் பதியவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்குப் பொய் புதிதா? ஆனால் அவள் டிவிக்கு முன்னால், நீ குந்துகிற மாதிரியே குந்திக்கொண்டு, காதைத் திரைக்குக் கிட்டத்தில் வைத்திருந்தாள். என் குரலை மறைக்கப் போய் உன் குரலையும் சேர்த்து அவளிடமிருந்து எடுத்திருக்கிறேன். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அசல் கேசட்டோடு போனேன். உன் பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நானும் பிலோவும் மட்டும்தான். இந்த முறை உன் குரல் முதல் நொடியிலிருந்தே வந்தது. தகரத்தோடு பேசுகிறாய். நாலை எடுத்து, "நீ இன்னிக்கு வேலைக்கு வரமாட்டே, தூங்கு" என்று ஓரமாக வைக்கிறாய். டீ கேட்கிறாய், யாரும் தரவில்லை, திரும்பக் கேட்கிறாய். பிலோ சத்தமாகச் சிரித்தாள். ஒரு வருஷத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று கூட நினைத்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. கூச்சல் கேட்கிறது. மேலே லாரியிலிருந்து என் குரல்.

"கோலுடா, ரெண்டு போடு."

உன் கை தகரத்தை எடுக்கிறது. ஆணி வரைக்கும் போய் நிற்கிறது.

"ரெப்ரீ இன்னா காட்றாரு மச்சான்? பந்து நடுவுக்கு வந்துச்சா?"

"வந்துடுச்சு, நடுவுல வெச்சிட்டாங்க. போடுடா, ஜனம் காத்துகினு கீது."

பந்து நடுவுக்கு வரவில்லை, அருள். நான் நடுவைப் பார்க்கவே இல்லை. குதிக்கிற பையன்களின் முகத்தை நெருக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டதும் பார்த்த மாதிரி சொல்லிவிட்டேன். உன் கை இன்னும் கொஞ்சம் தயங்குகிறது, அது தெளிவாகத் தெரிகிறது. பிறகு மாட்டுகிறது. விரலால் அசையாமல் பிடிக்கிறது. அதற்குப் பின் எங்கோ தூரத்தில் சரவெடிச் சத்தம். எடுத்துவிடு, எடுத்துவிடு என்று என் குரல்.

பிலோ கேசட்டை நிறுத்தினாள். அவளே பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் கேட்டாள். அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"இத்த அவரு இருக்கசொல்லோ குடுத்திருக்கலாமேண்ணா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ கேட்ட அன்று பிளாட்பாரத்தில் கொடுத்திருந்தால் நீ திருநின்றவூருக்குப் போயிருக்க மாட்டாய். கொடி கட்டுகிற நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்திருக்க மாட்டாய். எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்கிறேன். காமாலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லுவார். உன் கடைசி நாலு வருஷத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று யார் சொல்லுவார்கள்?

அவளிடம், உனக்கு என்ன செய்யட்டும் சொல் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது, அவர் தப்பு செய்திருக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றாள். தெரியாதவர்களுக்குக் காட்டச் சொன்னாள். உன் முதல் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்த அன்று சாயங்காலம், அதே உள்ளூர் சேனலில், முழுக் கேசட்டையும் போட வேண்டும். பூவும் வேண்டாம், கீபோர்டும் வேண்டாம். நான் ஒப்புக்கொண்டேன். அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் தங்கை, என்னைத் தெரியாதா?

"போட்டுட்டு நீ பாட்டுக்கு ரூமுக்குள்ள மிஷின் பக்கத்துல குந்திகினு இருக்கக் கூடாது. டீக்கடையில டிவி கீது பாரு, அங்க வந்து ஜனத்தோட நிக்கணும். நானும் வந்து நிப்பேன்."

கேபிள்காரரிடம் பேசிவிட்டேன். பந்தே வராத ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று அவர் தலையைச் சொறிந்தார், பிறகு சரி என்றார். இந்த முறை சத்தத்துக்கு ஒயர் போட வேண்டிய அவசியமும் இல்லை, கேசட்டிலேயே எல்லாம் இருக்கிறது. இந்த மடல் அன்று காலையே எல்லோர் கைக்கும் போய்விடும். ஆகவே சாயங்காலம் டீக்கடையில் நிற்கிறபோது நான் யார், எதற்கு நிற்கிறேன் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. இனிமேல் கோயில் கல்யாணங்கள் எனக்கு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் போகட்டும், நீ இல்லாமல் லைட் பிடிக்க வருகிறவன் எவனும் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. உன்னிடம் சொல்வதற்கென்ன? தெரிந்தவர் யாராவது பக்கத்திலிருந்து நகர்ந்து போவார். எல்லாம் நடக்கும். பங்கு அறையில் பெஞ்சின் ஓரத்தில் நீ தனியாக உட்கார்ந்திருந்ததை விட இது ஒன்றும் பெரிதில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த இடம் வரும்போது, மேலே இருந்து பேசுகிறவன் யார் என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். பிலோ வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் கையைத் தூக்கிவிடுவேன்.

உன் பிலோவின் அண்ணன்,
உன்னை லாரி மேலிருந்து கூப்பிட்ட மச்சான்,
தாமஸ்